நாற்பத்தொன்றாவது ஆள் கண்ணை மூடினார்

1. செவ்வாய்க்கிழமை காலை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில், புதிதாகச் சேர்ந்த நூற்றுப் பன்னிரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்களை கேட் பாஸுக்காகப் படம் எடுத்தேன். பட்டியலின் வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

2. நாற்பத்தொன்றாவது ஆள் கண்ணை மூடிவிட்டார். இன்னொரு முறை எடுத்தேன்.

3. கண் மூடிய படத்தை கேமராவிலேயே அழிக்கவில்லை. அழிக்கக் கூடாது என்பது வகுப்பில் சொன்ன விதி. அழிக்காத படத்தைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதும் விதிதான். குறிக்கவில்லை.

4. புதன்கிழமை மாலை, எல்லாப் படங்களுக்கும் ஒன்று முதல் வரிசையாக எண் போடும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்தேன். நூற்றுப் பதிமூன்று வந்தது.

5. கடைசியில் இருந்த படம், ஆட்களைக் கூப்பிட்ட மேஸ்திரியுடையது என்று நினைத்து நீக்கினேன். அது மேஸ்திரி இல்லை.

6. நாற்பத்திரண்டிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு பெயருக்கும் அதற்கு முந்தின ஆளின் முகம் போய்ச் சேர்ந்தது. அந்த ஃபைலைத் தொழிற்சாலைக்கு மெயிலில் அனுப்பினேன்.

7. வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அந்தத் தொழிலாளர்களில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து நினைவிழந்தார்.

8. அவர் யார் என்பதை என் படங்களைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

மறுநாள் என் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதியது இந்த எட்டு வரிகள்தான். குறிப்பேட்டில் அதற்கு மேல் இடமும் இல்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் திருவள்ளூரில் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் புகைப்படமும் டிஜிட்டல் படத்தொகுப்பும் படிக்கிறேன். ஓராண்டுப் படிப்பு. முதல் ஆறு மாதம் வகுப்பு, அடுத்தது ஏதாவது ஒரு ஸ்டுடியோவில் வேலைப் பயிற்சி. எனக்குக் கிடைத்த ஸ்டுடியோ கவரைப்பேட்டையில் இருக்கிறது. திருவள்ளூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு மாற வேண்டும். திருப்பாச்சூரில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்பா நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத் திரும்பியிருக்கமாட்டார்.

ஸ்டுடியோவை நடத்துகிறவர் ஓர் அக்கா. கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுப்பார் என்றாலும் கடை ஓடுவது தொழிற்சாலை வேலையால்தான். கேட் பாஸ், இயந்திரங்களின் படம், தீயணைப்புப் பயிற்சியின் படம். நான் சேர்ந்த முதல் வாரமே என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீ படம் புடிக்க வந்தியா, ரேஷன் கடைக்கு லிஸ்டு போட வந்தியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு 'லிஸ்டு மேடம்' என்று பெயர்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு வேறு வேலை இருந்ததால் தொழிற்சாலைக்கு என்னைத் தனியாக அனுப்பினார். முதல் தனி வேலை. கேன்டீனில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளைத் திரையைச் சுவரில் கட்டி, இரண்டு விளக்குகளை வைத்து, தரையில் டேப் ஒட்டி நாற்காலியின் இடத்தைக் குறித்தேன். ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணையும் பெயரையும் கூப்பிட்டார். முதலில் முப்பத்துநான்கு பெண்கள். பிறகு ஆண்கள். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை.

நாற்பத்தொன்றாவது ஆள் ஃப்ளாஷ் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பொண்ணு பாக்க வந்த மாரி வெக்கப்படறான் பாரு" என்றார் ஒருவர். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில்தான் தாளில் குறிப்பது விட்டுப்போனது.

தொண்ணூறாவது ஆளின் மோவாயில் ஒரு தழும்பு இருந்தது. "அது தெரியாம எடும்மா" என்றார். கேட் பாஸில் தழும்பு தெரியத்தான் வேண்டும் என்று சொன்னேன். "எந்த ஊரு நீ?" என்று கேட்டார். சொன்னதும், "அட, எங்க பெரியம்மா ஊடு அங்கதான், கோயில் தெருவுல" என்றார். அதனால் அவர் பெயர் எனக்கு மனதில் நின்றது.

முடியும்போது மேஸ்திரி, "எல்லாத்தையும் எடுத்த, என்னையும் ஒண்ணு எடும்மா" என்றார். நாற்காலியில் உட்காரப் போனவருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனவர் திரும்பி வரவில்லை. அவர் உட்காரவே இல்லை என்பது புதன்கிழமை மாலை எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு படம் கூடுதலாக இருந்தது, கடைசியில் மீசை வைத்த ஒருவர் இருந்தார், அவ்வளவுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை கார்டுகளை அச்சடித்து வெட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறாம் எண் கார்டு கைக்கு வந்தது. பெயர், அந்த மோவாய்த் தழும்புக்காரருடையது. முகம் வேறு யாருடையதோ. அடுத்த கார்டை எடுத்தேன். அதில் தழும்பு இருந்தது, பெயர் வேறு.

மணி பதினொன்று ஐந்து. கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது.

கார்டுகளைப் பின்னோக்கி அடுக்கிக்கொண்டே போனேன். நாற்பத்தொன்றில் ஒருவர் பாதிக் கண் மூடியிருந்தார். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஆள் என்று நினைத்து நேற்று தாண்டிப் போயிருக்கிறேன். என்ன நடந்தது என்று அந்த நொடியே புரிந்துவிட்டது.

அக்கா கடைக்கு முன்னால் பால்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். பத்தடி தூரம். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் தனி வேலை, குறிப்பேட்டில் அவர் கையெழுத்து வேண்டும், தொழிற்சாலை வேலை கைவிட்டுப்போனால் அவருக்கு நஷ்டம் என்று பயம் ஒவ்வொன்றாக வந்தது. நான் தொழில் படித்தவள் செய்வதைச் செய்தேன். சத்தம் போடாமல் திருத்தினேன். மெமரி கார்டை இன்னும் காலி செய்திருக்கவில்லை. எல்லாப் படங்களையும் மறுபடி ஏற்றி, கண் மூடியதை நீக்கி, எண் போட்டேன். பெயர்களோடு சேர்த்து, பழைய ஃபைலின் பெயருக்குப் பின்னால் 'ஃபைனல் இரண்டு' என்று போட்டு, தொழிற்சாலையின் டைம் ஆபீஸுக்கு அனுப்பினேன். மெயிலில் எழுதியது ஒரே ஒரு வரி: "தயவுசெய்து இந்த ஃபைலைப் பயன்படுத்தவும்." ஏன் என்று எழுதவில்லை. மணி பதினொன்று இருபது.

வெட்டிய கார்டுகளை ஒரு பைக்குள் திணித்து மேஜைக்கு அடியில் வைத்தேன். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் அக்காவின் போன் அடித்தது. டைம் ஆபீஸ் சார். வருகைப் பதிவு, கேட் பாஸ் எல்லாம் அவர் பொறுப்பு. அக்கா கையில் டீ கிளாஸ் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அறுபத்தெட்டாம் நம்பர் கார்டு ரெடியா? அத்த மட்டும் ஒடனே குடுத்தனுப்புங்க. இன்சூரன்ஸ் ஃபாரத்துக்கு வேணும். ஆளு ஏணிலேர்ந்து வுழுந்துட்டான். தலைல அடி, பேச்சு மூச்சு இல்ல. ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பியாச்சி."

"அய்யய்யோ! யாரு சார் அது?"

"யாருக்குத் தெரியும்? மூணு நாளுதான் ஆச்சி வந்து. மேஸ்திரி லீவு. கூட இருந்தவனுங்களுக்கும் பேரு தெரியல. போனையெல்லாம் செக்யூரிட்டி வாங்கி ஒரே பொட்டில போட்டு வெச்சிக்கிறான். நல்லவேளை, நீங்க நேத்தே ஃபைல அனுப்பிட்டீங்க. ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துக் கண்டுபுடிச்சேன். அவங்க ஊட்டம்மாவுக்கு போன் போட்டு சொல்லியாச்சி, வந்துக்கினு இருக்குது. ஆஸ்பத்திரிக்கும் பேரு, ரத்த குரூப்பு எல்லாம் சொல்லிட்டேன்."

அந்த 'நல்லவேளை'யைக் கேட்டதும் பட்டியலை எடுத்தேன். அறுபத்தெட்டுக்கு பி பாசிட்டிவ். அறுபத்தேழுக்கு ஓ பாசிட்டிவ். ஓ வகைக்காரருக்கு வேறு வகை ரத்தம் ஏற்றினால் என்ன ஆகும் என்று பன்னிரண்டாம் வகுப்பில் படித்தது வரி வரியாக நினைவுக்கு வந்தது.

ஆனால் உடனே இன்னொரு பயம் வந்தது. அவர் பார்த்தது பழைய ஃபைலா, புதியதா? பழையது என்றால் விழுந்தவர் அறுபத்தேழு. நான் பத்து நிமிடம் முன்பு அனுப்பியது என்றால் அறுபத்தெட்டுதான் சரி. ஒழுங்காக இருப்பதையும் நான் வாய் திறந்து கெடுத்துவிடுவேன். இரண்டு ஃபைல்களை ஒரே இடத்தில் நானே கொண்டுபோய் வைத்திருந்தேன்.

போனுக்குப் பக்கத்தில் போனேன். என் குரல் எனக்கே மெல்லியதாகக் கேட்டது.

"சார், நீங்க எந்த ஃபைல் பாத்தீங்க? நேத்து வந்ததா, இன்னிக்கு வந்ததா?"

"இன்னிக்கு இன்னா வந்துது? ஆளு வுழுந்து கெடக்கறான், நான் மெயில் பாத்துக்கினு குந்தினு இருப்பனா? நேத்து வந்ததுதான்."

"அப்போ அந்தப் பேரு தப்பு சார். அவரு அறுபத்தெட்டு இல்ல. அறுபத்தேழு."

"இன்னாம்மா சொல்ற? அவன் மூஞ்சி இருக்குது. என் கண்ணால பாத்தேன்."

"மூஞ்சி சரிதான் சார். பேருதான் ஒண்ணு தள்ளிப் போச்சு. நான்தான் தப்பா போட்டுட்டேன். ரத்த குரூப்ப மொதல்ல மாத்திச் சொல்லுங்க. ஓ பாசிட்டிவ்."

அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். போனில் டைம் ஆபீஸ் சாரின் குரல் ஏறியது.

"இப்ப அறுபத்தேழுன்ற. இன்னும் அஞ்சு நிமிசம் கழிச்சி அறுபத்தாறுன்னு சொல்ல மாட்டன்னு இன்னா நிச்சயம்?"

அவர் கேட்டது நியாயம். யாராவது இருவர் இடம் மாறி உட்கார்ந்திருந்தால் அதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. கணினியில் காட்டக்கூடியது எல்லாம் என் நம்பிக்கைதான். அப்போதுதான் ஆட்கள் தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பது உறைத்தது.

"சார், ரெண்டு நம்பரையும் மைக்ல கூப்பிடுங்க. அறுபத்தெட்டு வந்துட்டா, அறுபத்தேழு வரலன்னா, நான் சொல்றது சரி."

அவர் போனை வைக்காமலே கூப்பிட்டார். இரண்டு பெயர்களும் ஒலிபெருக்கியில் எதிரொலித்து, போன் வழியாக எங்கள் கடைக்கே வந்தன. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறுதலாகவா கோபமாகவா என்று தெரியவில்லை, வலித்தது.

நாலு நிமிடம் ஆனது. பிறகு ஒரு புதுக்குரல், "சார், கூப்டீங்களா?" என்றது.

"நீ யாரு?"

அந்தக் குரல் அறுபத்தெட்டாம் பெயரைச் சொன்னது.

அறுபத்தேழு வரவேயில்லை.

டைம் ஆபீஸ் சார் ஆஸ்பத்திரிக்குப் பேச ஓடினார். அக்கா கடையின் ஷட்டரை இழுத்தார். "வண்டில ஏறு" என்றார். "அங்க போயி நேரா நின்னுடணும். இங்க குந்தினு இருந்தா பேஜாரு."

"திட்டுங்க அக்கா" என்றேன்.

"திட்றதுக்கு நேரம் வரும். ஏறு."

நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் போனது. நான் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். டைம் ஆபீஸ் சார் முகத்தைக் கண்டுபிடித்து அந்த அம்மாவுக்கு போன் போட்டது பதினொன்று இருபதை ஒட்டி. எனக்குத் தவறு தெரிந்தது பதினொன்று ஐந்துக்கு. அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரே ஒரு போன் போட்டிருந்தால் தப்பான வீட்டுக்கு அந்தச் செய்தி போயிருக்காது. எத்தனை முறை போட்டாலும் கணக்கு மாறவில்லை.

நாங்கள் தொழிற்சாலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும் எளாவூரிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றதும் ஒரே நேரத்தில். அறுபத்தெட்டின் மனைவி இறங்கினார். டைம் ஆபீஸ் சார் திருப்பிக் கூப்பிட்ட எந்த போனையும் அவர் எடுக்கவில்லை. என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் எடுக்கவில்லை என்று பிறகு சொன்னார். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

உள்ளேயிருந்து அவர் கணவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "இன்னாடி இங்க? புள்ளைக்கு இன்னா ஆச்சி?" என்றார்.

அந்த அம்மா அவரைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பையால் ஓங்கி அடித்தார். இன்னொன்று. இன்னொன்று.

"போன எடுத்தா இன்னாய்யா? போன எடுத்தா இன்னா?"

"போன செக்யூரிட்டி வாங்கி வெச்சிக்கினாண்டி. அடிக்காதடி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்!"

செக்யூரிட்டிக்காரர், "அக்கா, அடிக்கறதுன்னா ஓரமா கூட்டிக்கினு போயி அடிங்க, லாரி உள்ள வரணும்" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்த அம்மா கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

நான் அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றேன். அக்கா தள்ளவில்லை, நானாகப் போனேன் என்று சொல்லவும் முடியாது. கால் போனது.

"அந்த போட்டோ எடுத்தது நான்தான் அக்கா. பேரு மாத்திப் போட்டுட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"எளாவூர்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள நான் இன்னா இன்னா நெனச்சேன், தெரியுமா உனக்கு?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு டைம் ஆபீஸ் சாரைப் பார்த்து, "அப்ப வுழுந்தது யாரு?" என்று கேட்டார்.

"ஆரம்பாக்கம் பக்கம் ஒரு பையன். இன்னும் கல்யாணம் ஆவல. அவங்க நைனா நம்பர்தான் குடுத்துக்கிறான். ரிங்கு போவுது, எடுக்கல. ஆஸ்பத்திரில ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேக்கறாங்க. கை ஒடஞ்சிருக்குது, தலைல ரத்தம் கட்டிக்கினு இருக்குதாம்."

எண்ணை அவர் மறுபடி அழுத்தினார். ரிங் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த அரை மணி நேரம் நாங்கள் எல்லோரும் வாசலில் இருந்த வேப்பமர நிழலிலேயே நின்றோம். அறுபத்தெட்டு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். அவர் மனைவி போகவில்லை. நானும் என் போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டால் என்ன சொல்வது என்று பயந்தேன், எடுக்காவிட்டால் அதைவிடப் பயந்தேன்.

பன்னிரண்டரைக்கு டைம் ஆபீஸ் சாரின் போனில் யாரோ "அலோ" என்றார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா கையை நீட்டினார்.

"குடு சார் இப்டி. என்னாண்ட சொன்ன மாரி சொல்லிடாத. நீ சொன்னதுல எனக்குப் பாதி உசுரு போச்சி."

போனை வாங்கித் தெலுங்கில் பேசினார்; ஆரம்பாக்கம் ஆந்திர எல்லையில் இருக்கிறது. எனக்குத் தெலுங்கு தெரியாது. 'நைனா' என்று அடிக்கடி வந்தது. முதலில் மகன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லி, அவர் அதைக் கேட்டுக்கொண்டாரா என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகுதான் விழுந்ததைச் சொன்னாராம். யாரோடு வர வேண்டும், எந்தப் பஸ், எதை எடுத்து வர வேண்டும் என்றெல்லாம் சொன்னாராம். வைத்துவிட்டு டைம் ஆபீஸ் சாரிடம் தமிழில், "ரெண்டு மணிக்குள்ள வந்துருவாரு. அதுக்குள்ள இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க, மூஞ்சி செத்துக் கெடக்குது" என்றார்.

ரத்த வகையைப் பற்றி மறுநாள்தான் கேட்டேன். எந்தக் கார்டில் என்ன இருந்தாலும் ஆஸ்பத்திரியில் அவர்களே சோதித்துப் பார்க்காமல் ஏற்றுவதில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக டைம் ஆபீஸ் சார் சொன்னார். அதைக் கேட்ட பிறகும் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஆமாம் என்றேன்.

அக்கா திட்டினார். ஒரு மணி நேரம், ஒன்று விடாமல். தவறு செய்ததற்குக் கொஞ்சம், மறைத்ததற்கு நிறைய. பையில் ஒளித்த கார்டுகளை என் முன்னாலேயே கத்தரித்துப் போட்டார்.

இப்போது நிலைமை இதுதான். அறுபத்தேழாம் எண்காரருக்கு அன்று மாலையே அறுவை நடந்தது. நன்றாகப் பேசுகிறார். வலது கையில் தகடு வைத்திருக்கிறார்கள், இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. அந்தத் தொழிற்சாலை கேட் பாஸ் வேலையை வேறு ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிட்டது. அக்கா என்னை நிறுத்தவில்லை. குறிப்பேட்டில் அந்த வாரத்துக்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லை; எப்போது என்று நான் கேட்கவும் இல்லை. செய்முறைத் தேர்வு அடுத்த மாதம். விழுந்தவரின் அப்பா, கம்பெனிக்காரர்கள் தாமதமாகத்தான் போன் செய்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். என்னால்தான் தாமதம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.